சீமைத் தினையும் சைகோன் அத்தையும்

எங்கள் வீட்டுக்குக் கினோவா வந்த கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது பெரு நாட்டுக்கும் பாரீசுக்கும் போய், சைகோன் வழியாகப் புதுச்சேரிக்கு வந்து நின்றது. வயதானவன் கதை சொன்னால் இப்படித்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. போன ஐப்பசியில் எடுத்த மூன்று மாதச் சராசரி ஏறிவிட்டது. டாக்டர் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அவள் பிறந்தது செங்கல்பட்டுப் பக்கத்தில் ஏரிப்பாசன ஊர். மூன்று வேளையும் சோறு போட்டாலும் முகம் சுளிக்காதவள். பாதிச் சோறு என்றதும் பாக்கிச் சோற்றின் மேலும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த ரெண்டு கரண்டியைத் தின்னா என்ன, தின்னாட்டி என்ன" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். மாத்திரை மட்டும் தவறாமல் போட்டாள். சாப்பாடு குறைந்து மாத்திரை குறையாவிட்டால் என்ன ஆகும் என்று சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியும். கார்த்திகையில் ஒரு நாள் சண்முகம் சாலைக்குக் காய் வாங்கப் போனவள், வேர்த்துக் கொட்டிக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். காய்க்காரம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். ஒரு மாதத்தில் நான்கு கிலோ இளைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து மகள் ஒரு பொட்டலத்துடன் வந்தாள். "அப்பா, இது கீன்வா. அரிசிக்குப் பதிலா இதைப் போடுங்க" என்றாள். கடைப் பையன் அதைக் குயினோவா என்றானாம். எனக்குப் பள்ளிப்படிப்பு பிரெஞ்சில் நடந்ததால் வாயில் கினோவா என்றுதான் வருகிறது. தமிழில் சீமைத் தினை என்று யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். ஆனால் தினைக்கும் அதற்கும் உறவு கிடையாது.

மகள் சொன்னபடி ரவை உப்புமா மாதிரியே கிளறினோம். ஒரு வாய் வைத்த என் மனைவி, "என்னங்க இது, வேப்பங்கொட்டையை அரைச்ச மாதிரி இருக்கு" என்று எழுந்துவிட்டாள். நானும் தின்று பார்த்தேன். கசப்பு, அதற்குப் பின்னால் ஒரு சோப்புச் சுவை. பொட்டலம் அலமாரியின் மேல் தட்டுக்குப் போயிற்று.

அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு தாள் தள்ளுபடியானால் ஏன் தள்ளுபடியானது என்று பார்க்காமல் தூக்கம் வராது. அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கினோவா புல் வகைத் தானியம் இல்லை. நெல், கோதுமை, தினை, சாமை எல்லாம் புல்லினம். இது கீரை இனம். நம் பக்கத்துக் கீரைக்காரர்கள் எப்போதாவது கொண்டுவரும் சக்கரவர்த்திக் கீரைக்கு இது நெருங்கிய பங்காளி. வடக்கே பதுவா என்று பராட்டாவில் போடுகிறார்களே, அதுவும் சக்கரவர்த்திக் கீரைதான். கினோவா விதையின் மேல்தோலில் சபோனின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. நம் பூந்திக்கொட்டையில் நுரை வருவதும் இதே வகைப் பொருளால்தான். பறவைகள் விதையைக் கொத்தாமல் இருக்கச் செடி தானே செய்துகொண்ட காவல் அது. அதைக் கழுவித் தேய்த்துப் போக்காமல் சமைத்தால் கசக்கத்தான் செய்யும். ஆக, எங்கள் உப்புமாவில் கெட்டது தானியம் இல்லை, கைப்பக்குவம்தான்.

அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடு. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவில் டிட்டிக்காக்கா என்று ஒரு பெரிய ஏரி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,800 மீட்டரில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் என்று நினைத்துக்கொண்டால் உயரம் புரியும். அந்தக் குளிரில், உப்புப் பூத்த மண்ணில், நெல்லும் கோதுமையும் நினைத்துப் பார்க்க முடியாத இடத்தில் இது விளைகிறது. அங்குள்ளவர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக அதைத் தின்று வாழ்ந்திருக்கிறார்கள். இன்கா மக்கள் அதைத் தாய்த் தானியம் என்று கொண்டாடினார்கள்.

1532இல் பிஸாரோ என்ற ஸ்பானியத் தளபதி கைப்பிடி அளவு படையோடு வந்து இன்கா மன்னனைச் சிறைபிடித்தான். அதற்குப் பிறகு அந்த நாட்டின் தங்கமும் வெள்ளியும் கப்பலேறின. உருளைக்கிழங்கு கப்பலேறியது. வேர்க்கடலை கப்பலேறியது. கினோவா ஏறவில்லை. வந்தவர்களுக்கு வேண்டியது கோதுமை. கினோவா ஆட்சி இழந்தவர்களின் சோறாகி, மலைக்கு மேல் ஏழைகளோடு நின்றுவிட்டது.

இதில் என் மனத்தைத் தொட்ட ஒரு சிறு சம்பவம் உண்டு. கார்சிலாஸோ என்று ஓர் எழுத்தாளர். 1539இல் குஸ்கோ நகரில் பிறந்தவர். தாய் இன்கா அரச வம்சத்துப் பெண், தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். இருபது வயதில் ஸ்பெயினுக்குப் போனவர் திரும்ப ஊர் பார்க்கவே இல்லை. 1609இல் லிஸ்பனில் அச்சான தம் நூலில் தாய்நாட்டுப் பயிர்களைப் பற்றி எழுதும்போது, கினோவா விதை வேண்டுமென்று கேட்டு வரவழைத்ததையும் சொல்கிறார். விதை வந்தது. விதைத்தார். ஒன்றும் முளைக்கவில்லை. கடல் பயணத்தில் செத்துப்போயிருந்தது. ஊரை விட்டு வந்த ஒரு கிழவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் சுலபமாக நினைத்துப் பார்க்க முடிகிறது. ஏன் என்பது பின்னால் வரும்.

உருளைக்கிழங்கு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தலைமுறையில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் அசோகர் மரம் நட்டதைப் படித்தபோது, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் பர்மான்தியே கிழங்கு நட்டதைப் படித்தோம். பிரெஞ்சுக்காரர்கள் நெடுங்காலம் உருளைக்கிழங்கைத் தொட மறுத்தார்கள். பன்றித் தீனி என்றார்கள். தின்றால் தொழுநோய் வரும் என்று பயந்தார்கள். 1748இல் பாரீஸ் உயர்மன்றம் அதைத் தடையே செய்தது. பர்மான்தியே படையில் மருந்தாளராக இருந்தவர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டு, சிறையில் அந்தக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர். ஊர் திரும்பியதும் அதற்காகவே வாதாடினார். 1772இல் பாரீஸ் மருத்துவப் பேராசிரியர்கள் இது தின்னத் தகுந்ததுதான் என்று சான்று கொடுத்தார்கள். சான்று கிடைத்தும் மக்கள் தின்னவில்லை. அப்போது அவர் செய்த தந்திரத்தை எங்கள் வாத்தியார் நடித்தே காட்டுவார். பாரீசுக்கு வெளியே சப்லோன் என்ற இடத்தில் கிழங்கு பயிரிட்டு, பகலில் துப்பாக்கி ஏந்திய காவல் போட்டு, இரவில் காவலை எடுத்துவிட்டாராம். இவ்வளவு காவல் என்றால் ஏதோ உயர்ந்த பொருள் என்று நினைத்து ஊரார் இரவோடு இரவாகத் திருடிப் போனார்கள். வாத்தியார் திருடன் மாதிரிப் பதுங்கி நடக்கும்போது வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன். புதிதாக வரும் உணவைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவன் முட்டாள் என்பது எனக்குப் பத்து வயதில் பாடமாகவே தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

நம் சமையலறை மட்டும் என்ன? மிளகாய்க்குப் பெயரே மிளகிலிருந்து கடன் வாங்கியது. போர்த்துக்கீசியர் வருவதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகு, இஞ்சி, திப்பிலிதான். தக்காளி என்ற பெயர் நம் மணத்தக்காளி வகைக்கு உரியது. சீமையிலிருந்து வந்தவன் வீட்டுக்காரன் பெயரையே எடுத்துக்கொண்டான். ஆனால் இந்த வரிசையில் எங்கள் பக்கத்துக்குச் சொந்தமான கதை வேர்க்கடலைதான். தென்னார்க்காட்டிலும் புதுவையிலும் அதற்கு மணிலாக்கொட்டை என்று பெயர். பேச்சில் மல்லாட்டை. மெக்சிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் தீவின் மணிலா துறைமுகத்துக்கு ஓடியதை அந்தப் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூட்டை மூட்டையாக மணிலா புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகரத்துக்குப் போயிற்று. அங்கே எண்ணெயும் சோப்பும் ஆனது. அந்த வேர்க்கடலையின் பிறப்பிடமாக ஆராய்ச்சியாளர்கள் காட்டுவது பொலிவியாவின் தென்பகுதியை. கினோவாவுக்கும் அதே நாடுதான். ஒன்று கீழே, ஒன்று மேலே.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி, "நாங்க ஸ்கூல்ல தின்ன மஞ்ச உப்புமாவும் அமெரிக்காதானே" என்று கேட்டாள். உண்மைதான். அறுபதுகளில் மதிய உணவுக்குக் கேர் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மக்காச்சோள மாவும் பால் பவுடரும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கப்பல் கோதுமை வந்து வீடுகளில் சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டதும் அந்த அரிசிப் பஞ்ச காலத்தில்தான். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்ற பேச்சு அவ்வளவு எடுபட்டதற்கு அந்த வயிறுகள்தான் காரணம். அவளுக்கு அந்த மஞ்சள் உப்புமா பிடிக்குமாம். நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் எனக்கு இது தெரியாது.

இனி சைகோன்.

1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. 1862 உடன்படிக்கையில் அதைச் சுற்றிய மாகாணங்கள் பிரெஞ்சு வசமாயின. புதுக் குடியேற்ற நாட்டை நடத்த பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் வேண்டியிருந்தார்கள். பாரீசிலிருந்து அழைத்தால் செலவு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் தயாராக இருந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு பதிவு செய்துகொள்ளலாம். அவர்களை ரெனோன்சான் என்பார்கள். துறந்தவர்கள் என்று பொருள். சாதியின் பிடியிலிருந்து தப்பிக்க வழி தேடியவர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் கணிசமானோர் கப்பலேறியது சைகோனுக்கு. சுங்கம், போலீஸ், தபால், கருவூலம் என்று எங்கு பார்த்தாலும் புதுவைத் தமிழர். அங்கே தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். வெள்ளையருக்குச் சமமான சம்பளம் வேண்டுமென்று மனுப் போட்டார்கள். அவர்களோடு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளும், காரைக்கால், நாகூர் முஸ்லிம்களின் துணிக்கடைகளும் இருந்தன. செட்டியார் கோயில்கள் எழும்பின. மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. வியட்நாமியர்களே கும்பிடுகிறார்கள்.

சமையலும் இரு பக்கமும் போயிற்று. தேங்காய்ப் பாலும் எலுமிச்சைப் புல்லும் போட்டு, ரொட்டியோடு தொட்டுத் தின்னும் கோழிக்கறி ஒன்றை வியட்நாமியர் இன்றும் கா ரீ என்கிறார்கள். அங்கிருந்து இங்கே வந்தது, மெல்லிய அரிசித் தாளில் இறைச்சியும் காயும் சேமியாவும் சுருட்டிப் பொரிக்கும் பண்டம். புதுவையில் அதை நெம் என்போரும் உண்டு, சாய்யோ என்போரும் உண்டு. மதராஸ்காரர்களுக்குப் பர்மா அத்தோ எப்படியோ, எங்களுக்குச் சாய்யோ அப்படி. 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் பாரிமுனைப் பக்கம் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் விற்றார்கள். சைகோன்காரர்கள் தெருவில் விற்கவில்லை. வீட்டுக்குள் சமைத்துக்கொண்டார்கள்.

என் அப்பாவின் மூத்த அக்காள் அப்படி வந்தவர். மாமா சைகோன் சுங்க இலாகாவில் குமாஸ்தா. 1954 மே 7இல் தியன் பியன் ஃபூ விழுந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்பாடு. அதே அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் புதுச்சேரி கைமாறியது. மாமா வேலை செய்த நாடும் பிறந்த ஊரும் ஒரே வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயின. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு 1956இல் கப்பலேறி வந்தார்கள். எனக்கு ஆறு வயது. இரண்டு தகரப் பெட்டி, ஒரு தையல் மிஷின், ஒரு மண்தொட்டியில் எலுமிச்சைப் புல். அது கப்பலில் சாகாமல் வந்தது.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. பின்கட்டில் தனி அடுப்பு வைத்துக்கொண்டார். நொய் அரிசியைப் பதமாக வடித்து, மேலே பொரித்த மீனும் வறுத்துப் பொடித்த மல்லாட்டையும் தூவி, புதினாக் கிள்ளிப் போட்டுக் கொடுப்பார். சைகோனில் கூலிக்காரர்களின் சோறு அது என்பார். உடைந்த அரிசி மலிவு, அதனால் அப்படி. இன்று அந்த ஊரின் பெருமைக்குரிய பண்டமாக விற்கிறார்களாம். நுவோக் மாம் என்ற மீன் சாற்றுப் புட்டிகள் தீர்ந்ததும், நெத்திலியை உப்பில் ஊறப்போட்டு அத்தையே ஜாடியில் ஒன்று தயாரித்தார். அந்த வாடையில்தான் சங்கடம் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள். என் அம்மாவும் சாயங்காலமானால் பின்கட்டுக் கதவைச் சாத்திவிடுவார்.

எனக்கு அப்போது அந்தச் சாப்பாடு மிகவும் பிடிக்கும். பள்ளியில் சொல்லத்தான் பயம். 1960 என்று நினைக்கிறேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள் அத்தை எனக்குச் சாய்யோ செய்து டப்பாவில் வைத்துக் கொடுத்தார். தொட்டுக்கொள்ளத் தனியாகக் கிண்ணத்தில் அந்தச் சாறு. மதியம் திறந்ததும் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். "உங்க வீட்ல செத்த எலியா சமைக்கிறீங்க?" என்றான் ஒருவன். நான், "எங்க வீட்டுது இல்லடா, எங்க வீட்ல குடியிருக்கிற ஒரு சைகோன்காரி கொடுத்தது" என்று சொல்லி, அவர்கள் பார்க்கவே டப்பாவை வாய்க்காலில் கவிழ்த்தேன். திரும்பினால் அத்தை நிற்கிறார். தண்ணீர்க் கூஜாவை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன் என்று வெயிலில் கொண்டுவந்திருக்கிறார். கூஜாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கவும் இல்லை.

பர்மான்தியே பாடம் நடந்தது அதே வருஷம்தான்.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அத்தையும் மாமாவும் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே இருந்தார்கள். ஓய்வூதியமும் அந்தப் பக்கம்தான். 1963 தொடக்கத்தில் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். புறப்படுகிற அன்று, தொட்டியை என் பக்கம் நகர்த்தி, "தண்ணி ஊத்து, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். சித்திரை வெயிலில் அது காய்ந்துபோயிற்று. ஊற்ற மறந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மறக்கவில்லை. அந்தத் தொட்டி முற்றத்தில் இருக்கும்வரை சைகோன் வீடு என்ற பெயர் எங்களுக்குப் போகாது என்று நினைத்தேன். அத்தை 1981இல் துலூஸ் நகரில் காலமானார். அதற்குள் நான் சென்னைக்கு வந்து, மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்து, சேலையூரில் மனை வாங்குவதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். தந்தி வந்தது. ஒரு நாள் லீவு போட்டேன்.

இப்போது மறுபடி அலமாரியின் மேல் தட்டுக்கு வருவோம். கழுவாமல் சமைத்தது தப்பு என்று தெரிந்ததும் பொட்டலத்தை இறக்கினேன். வெந்த கினோவா எப்படி இருக்கும் என்று படத்தில் பார்த்தபோது சட்டென்று தோன்றியது, இது அத்தையின் நொய் அல்லவா! உப்புமாவுக்கு உரியதே இல்லை. பழைய பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடி விற்பவர்கள் வரிசையில் எலுமிச்சைப் புல் கிடைத்தது. தொட்டியோடு வாங்கினேன். தேநீருக்கா என்று கேட்டார் விற்றவர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எழுபது தாண்டியும் அந்தப் பொய் வாயில் தயாராக இருக்கிறது பாருங்கள்.

செய்த விதத்தைச் சொல்கிறேன். ஓர் ஆழாக்குக் கினோவாவை நொய் களைவது போல உள்ளங்கையில் தேய்த்து, நுரை நிற்கிறவரை ஐந்து தண்ணீர் களைந்தேன். மணி சின்னது, சாதாரணச் சல்லடையில் ஓடிவிடும். மெல்லிய துணியில் வடித்தேன். வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, இரண்டு பங்கு தண்ணீர், நசுக்கிய எலுமிச்சைப் புல் தண்டு ஒன்று, உப்பு சேர்த்து மூடிவைத்தால் கால் மணி நேரத்தில் வெந்துவிடுகிறது. ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாய் ஒரு வால் சுருண்டு வெளியே வரும். அதுதான் பதம். இறக்கிப் பத்து நிமிஷம் திறக்கக் கூடாது. இன்னொரு சட்டியில் மல்லாட்டை எண்ணெயில் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயத்தாள் வதக்கி, வறுத்த நெத்திலிக் கருவாடு நான்கைப் பொடித்துப் போட்டு, வெந்ததைக் கொட்டிப் பிரட்டினேன். ஜாடி மீன் சாறு போடத் துணிவில்லை, கருவாடுதான் அதன் இடத்தில். மேலே பொடித்த வேர்க்கடலை, புதினா, கொத்துமல்லி, எலுமிச்சை. சோயா சாஸும் அஜினோமோட்டோவும் வேண்டாம். அவை தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸுக்கு.

கிளறும்போது ஒன்று கவனித்தேன். சட்டியில் இருந்த கினோவா, கடலை, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்தின் பிள்ளைகள். மற்றவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்து நம் ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். கினோவா மட்டும் இப்போதுதான் விலை ஒட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் அனந்தப்பூரிலும் ராஜஸ்தானிலும் பயிரிட்டிருக்கிறார்கள் என்பதால் விலை இறங்கலாம்.

மனைவி தட்டைப் பார்த்துவிட்டு, "நொய்யா?" என்றாள். ஆமாம் என்றேன். தின்றாள். பாதியில் நிறுத்தி, "இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். அத்தையைப் பற்றி அவளுக்கு ஒரு பெயராக மட்டும்தான் தெரியும். அன்றுதான் வாய்க்கால் கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னாள்.

நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் இதைக் கேட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "குறிஞ்சி நிலத்துக்கே கருப்பொருள் தினைதான். அதை விட்டுட்டு பெருவிலேர்ந்து வாங்குறீங்களே சார்" என்றார். நியாயமான கேள்வி. ஐ.நா. சபை 2013ஐக் கினோவா ஆண்டு என்றது. 2023ஐ இந்தியா கேட்டுக்கொண்டபடி சிறுதானிய ஆண்டு என்றது. நூறு கிராம் கினோவாவில் புரதம் சுமார் 14 கிராம், தினையில் 12 கிராம், அரிசியில் 7 அல்லது 8. தினைக்கும் கினோவாவுக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. அரைக்கிலோ கினோவா விலைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தினை வாங்கலாம். இன்னொன்று, கினோவாவில் மாவுச்சத்தே இல்லை என்று சிலர் படி படியாகத் தின்கிறார்கள். நூறு கிராமில் 64 கிராம் மாவுச்சத்துதான். சர்க்கரைக்காரர்கள் அதையும் அளந்துதான் தின்ன வேண்டும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு. நாங்கள் வாரத்தில் இரண்டு நாள் கினோவா, இரண்டு நாள் தினை, மற்ற நாள் கைக்குத்தல் அரிசி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். தினையிலும் அத்தையின் முறை நன்றாகவே வருகிறது. சாமையில் குழைந்துவிட்டது.

தை மாதச் சோதனையில் சராசரி கொஞ்சம் இறங்கியிருந்தது. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. டாக்டர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சைகோன் நொய்" என்று என் மனைவி பதில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புல் தொட்டி மாடிப்படி ஓரம் இருக்கிறது. நன்றாகத் தழைத்து, பக்கக் கன்றும் விட்டிருக்கிறது. கன்று வேண்டுவோர் சேலையூர்ப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.